நீல மடிப்பு முடிவதற்குள்

கேட்க வந்தவரே, முதலில் நீர் ஒன்று சொல்லும். ஒரு குரல் உம் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, கையிலிருந்த வேலையைத் தேவைக்கு மேல் உரக்கச் செய்ததுண்டா? பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்ததுண்டா, பக்கத்திலிருப்பவரிடம் வேண்டாத பேச்சொன்றை வலிந்து தொடங்கியதுண்டா? உடனே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். சோழமண்டலக் கரையின் துறைமுகப் பட்டணம் ஒன்றில், பாய்மரக் கப்பல்கள் நீலத் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிப்போன காலத்தில், கொட்டுக்கூடத்து மேஸ்திரி ஆதிமூலமும் இல்லை, இல்லை என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மடிப்புத் துணியை அடித்து முடிக்கும் நேரம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். சோற்றுவேளைக்குச் சற்று முன்பு தொடங்கிய அந்த ஒரு மடிப்புக்குள் அவன் மனம் போய்வந்த தூரம்தான் இந்தக் கதை.

"ஓ... போடு" என்றான் ஆதிமூலம். கொட்டாப்புளிகள் விழுந்தன. ஓ என்று அவன் இழுக்கும்போது கனத்த அந்த மரச் சுத்திகள் தலைக்கு மேல் எழும். போடு என்னும்போது ஒரே சத்தமாய் இறங்கும். அவன் அடிப்பதில்லை. அடிக்கிறவர்களுக்குக் குரல் கொடுப்பதே அவன் வேலை. கூடத்தின் வடசுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தியபடி, இருபுறமும் எதிரெதிராக அமர்ந்த கொட்டுக்காரர்களின் கைகளைத் தன் தொண்டையால் தூக்கியும் இறக்கியும் நாள் முழுவதும் நடத்துவான். நடுவில் புளியமரத் திண்டு, அதன் மேல் அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்து, உலர்த்தி, கஞ்சி தெளித்து மடித்த நீலத் துணி. அடி விழ விழ நூலெல்லாம் படிந்து, கத்தரிக்காய்த் தோலைப் போல ஊதா பாய்ந்த ஒரு பளபளப்பு மேலெழும்பும். நடு மடிப்பில் அடி நின்றுபோனால் நின்ற இடத்தில் ஒரு வரி விழும். அதன் பிறகு எத்தனை அடித்தாலும் அந்த வரி போகாது, துணி தள்ளுபடி. ஆகவே வானம் இடிந்து விழுந்தாலும் மடிப்பு முடியும்வரை நிறுத்துவதில்லை என்பது கூடத்தின் கட்டுப்பாடு. போன மாசியில் மாசிலாமணியின் கட்டைவிரல் சுத்திக்கடியில் அகப்பட்டு நசுங்கியபோதுகூட அடி நிற்கவில்லை. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு இடக்கையால் அடித்தான், ஆதிமூலம் அவன் முகத்தைப் பாராமல் குரல் கொடுத்தான், மடிப்பு முடிந்த பிறகே எல்லோருமாய் அவனை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைப் பல நாள் பெருமையாகப் பேசினார்கள். ஆதிமூலமும் பேசினான். இப்போது, இந்த மடிப்பின் தொடக்கத்தில், அந்த முகத்தைத் தான் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி, வரவழைக்காமலே வந்து தொண்டையில் உட்கார்ந்தது. ஓ... போடு. பார்த்திருந்தால் குரல் உடைந்திருக்கும். ஓ... போடு. பார்க்காததனால்தான் மேஸ்திரி. ஓ... முதுகில் ஒரு தட்டு. போடு. இல்லை, அது அடியின் அதிர்வு, திண்டிலிருந்து தரைக்கு இறங்கித் தரையிலிருந்து சுவருக்கு ஏறுகிற அதிர்வு, இத்தனை வருஷமாய் முதுகு அறிந்த அதிர்வுதான். ஓ... தட்டு. போடு. அதிர்வு அடிக்குப் பின்னால் வரும். இது அடிக்கு முன்னால் வருகிறது.

இது இன்று தொடங்கியதல்ல. பக்கத்துக் கிடங்கை, கூடத்துக்குத் துணி அனுப்பும் தரகர் எதிராஜு வாடகைக்கு எடுத்த நாள் முதல் சுவரில் ஏதோ இருந்துகொண்டேதான் இருந்தது. எலி என்று வைத்துக்கொண்டான். பிறகு மூட்டை அடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டான். கடலோரத்தில் எத்தனையோ கிடங்குகள் காலியாய்க் கிடக்க, காது செவிடாகும் இந்தக் கொட்டுக்கூடத்தின் பக்கச்சுவரை ஒட்டியதை ஒருவர் ஏன் தேடி வந்து எடுக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் எதுவாகவும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டே நடந்தான். இன்று காலை எதிராஜு கூடத்துக்குள்ளேயே வந்தார். "என்னப்பா ஆதிமூலம், இன்னிக்கு உச்சிப்பொழுதுக்கும் நிறுத்தாதே. விடாம கொட்டணும். சோறு அப்புறம் ஆகட்டும், நானே போடறேன்." ஆதிமூலம் எழுந்து நின்றான். "துணி அவ்வளவு இல்லீங்களே, ஐயா. இந்த மடிப்போட தீர்ந்துபோவுது." எதிராஜு சிரித்தார். "அடிச்சதையே அடி. பளபளப்பு கூடினா யாரு வேணாங்கறா?" திரும்பிப் போகப் போனவர் நின்று, ஆதிமூலத்தின் தோளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், சந்தையில் காளையின் திமிலை அழுத்திப் பார்ப்பதுபோல. "நல்ல கட்டை. கப்பல் கப்பித்தான் இப்படிப்பட்ட தோளுக்குத்தான் அலையறான். முழிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன். உன்னை அனுப்பிட்டா எனக்கு யாரு கொட்டுவா?" அந்தக் கட்டைவிரல் போய் எத்தனையோ நேரமாகியும் தோளில் இன்னும் அழுந்திக்கொண்டிருக்கிறது. அடிச்சதையே அடி. கொட்டுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த எவனும் சொல்ல மாட்டாத சொல். பளபளப்பு ஏறிய துணியை மேலும் அடித்தால் நூல் அறும். துணியைப் பற்றி எதுவும் தெரியாதவன்தான் அப்படிச் சொல்வான், அல்லது துணியைப் பற்றிக் கவலையே இல்லாதவன். அவருக்கு வேண்டியது துணி இல்லை. ஓ... போடு. அவருக்கு வேண்டியது இது. இந்த ஓ. இந்தப் போடு.

"மேஸ்திரி, இன்னிக்கும் கூழ் இல்லியா?" என்று அடியின் இடைவெளியில் சடகோபன் கத்தினான். கூடத்தில் இளையவன் அவன், வாய் ஓயாது. "செம்பாயி எந்தச் சிப்பாயோட ஓடிப்போனாளோ, நம்ம வயித்துல மண்ணைப் போட்டுட்டு." "அவ ஓடினா சிப்பாய்தான் பாவம்" என்றான் மாசிலாமணி. "கூழுல உப்பு பத்தலைன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அகப்பையால தலையில போட்டாளே! இன்னும் வீங்கிக் கெடக்குது." "அது வீக்கமில்ல மாமா, உன் தலையே அந்த லட்சணந்தான்." சிரிப்பு எழுந்து அடியில் நசுங்கியது. ஆதிமூலமும் சிரித்தான். சிரித்ததை முகம் உணர்ந்தது, மனம் உணரவில்லை. செம்பாயி, கேப்பங்கூழ்ப் பானையைத் தலையில் சுமந்து வருகிறவள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு யாருக்கும் பயப்படாமல் பேசப் பழகியவள். முதல் சட்டி எப்போதும் அவனுக்குத்தான். சுவரோரம் அவன் குந்தியிருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து வைப்பாள். "குடியுங்க மேஸ்திரி. உங்க தொண்டை போச்சின்னா இவனுங்க கையெல்லாம் அந்தரத்துல நிக்கும்." அவள் தலையில் பானைக்கடியில் சுருட்டி வைக்கும் சும்மாடு, கூடத்துக் கழிவுத் துணிதான், வரி விழுந்து தள்ளுபடியான நீலத் துண்டு, அவனே கிழித்துக் கொடுத்தது. அந்தச் சும்மாட்டைச் சில நாள் முன்பு அவன் பார்த்தான். எதிராஜுவின் கிடங்குக் கதவருகே, மணலில், பாதி புதைந்து. அன்றுதான் அவள் வராத முதல் நாள். குனிந்து எடுத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கலாம். காற்றில் பறந்து வந்திருக்கும் என்று எண்ணினான். நீலச் சும்மாடு இந்தப் பட்டணத்தில் எத்தனை பேர் தலையில் இல்லை என்று எண்ணினான். எண்ணிக்கொண்டே, யாரும் பார்க்கிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, காலால் மணலைத் தள்ளி அதை முழுவதுமாக மூடினான். ஓ... போடு. மணலைத் தள்ளிய கால் இந்தக் கால்தான். வலது. இதோ மடங்கிக் கிடக்கிறது, ஒன்றும் அறியாததுபோல.

நான் துணி அடிக்கக் குரல் கொடுக்கிறவன், அவ்வளவுதான். துணியை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், அது கடலுக்குத் தெரிந்த விஷயம். அப்படி எண்ணிக்கொண்டுதான் ஆதிமூலம் இருந்தான், மீரான் வரும்வரை. நாகூர்க்காரன், வெள்ளைக்காரக் கப்பலில் பாய் இழுக்கப் போய் வருஷக்கணக்கில் காணாமல் இருந்தவன், போன மழைக்காலத்தில் கூடத்து வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினான். "இந்த வாசனைய அங்கயும் மோந்தேண்ணே." "எங்க?" "ஆப்பிரிக்காவுல, கினிக் கரையில. பூமிக்கு அந்தாண்டன்னு வச்சிக்கோங்க. அங்க உள்ள தரகன் நம்ம துணியை விரிச்சு வெயில்ல காட்டுவான், மூக்குல வச்சு மோந்து பாப்பான். இந்தப் பளபளப்பும் இந்த வாசனையும் இருந்தாத்தான் எடுப்பான். எடுத்துக்கிட்டு..." "எடுத்துக்கிட்டு?" "ஆளைக் குடுப்பான்." சடகோபன் சிரித்தான். "என்ன ஆளு? கூலிக்கு ஆளா?" "ஆளுன்னா ஆளுதாண்டா. உன்னை மாதிரி, என்னை மாதிரி. பொம்பளைங்க, புள்ளத்தாச்சி, எல்லாம். கல்லுக் கோட்டைக்கு அடியில நிலவறை, அங்க அடைச்சு வைப்பாங்க. அப்புறம் கப்பலு. மூட்டைக்கு விடுற எடங்கூட விடாம வரிசையாப் படுக்கப் போட்டு, இவன் காலை அவன் காலோட சேத்து விலங்கு. பெரிய சமுத்திரத்தைத் தாண்டினா கரும்புத் தோட்டமாம். போனவன் திரும்பி வந்ததா அந்தக் கரையில ஒருத்தருக்கும் தெரியாது. வழியில செத்தா கடல்ல போட்டுடுவாங்க. அந்தக் கப்பலுங்க பின்னால சுறா வர்றதை என் கண்ணால பாத்தேன்." அப்போது ஆதிமூலம் ஒன்று கேட்டான். எத்தனையோ கேட்டிருக்கலாம். அவன் கேட்டது இது: "துணி நல்லா இருக்குதுன்னு சொன்னாங்களா?" கேட்டு முடிப்பதற்குள்ளாகவே அந்தக் கேள்வியைத் திரும்ப விழுங்கிவிட வேண்டும்போல் இருந்தது. மீரான் அவனை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில், இருந்திருந்தால் தேவலை. "சொன்னாங்கண்ணே. ரொம்ப நல்லா இருக்குதுன்னாங்க." அவ்வளவுதான். மீரான் போய்விட்டான், அந்த 'ரொம்ப நல்லா' போகவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் அது; நகக்கண்ணில் ஏறிய நீலத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் அது. எங்கேயோ பூமிக்கு அந்தப்புறத்தில், தான் குரல் கொடுத்துப் பளபளக்க வைத்த ஒரு முழத் துணியை ஒருவன் வெயிலில் திருப்பிப் பார்த்துத் தலையாட்டுகிறான், தலையாட்டிய உடனே ஒரு பெண் எழுந்து நிற்க வைக்கப்படுகிறாள். அவளுக்கு முகம் இல்லை. முகம் இல்லாதவரை குரல் கொடுக்க முடிந்தது.

கேட்க வந்தவரே, இந்த இடத்தில் ஒரு சிறு கதை சொல்ல இடம் தாரும். ஓர் ஊரில் பாழுங்கிணறு ஒன்றைத் தூர்த்தார்கள். ஒருவன் பாறை உடைத்துக் கொடுத்தான், ஒருவன் கல்லைச் சுமந்தான், ஒருவன் கிணற்றில் தள்ளினான். கிணற்றுக்குள் ஒரு மனிதன் இருந்தான். பின்னால் விசாரணை வந்தபோது, உடைத்தவன் தான் வீடு கட்டக் கொடுத்ததாகச் சொன்னான். சுமந்தவன், பாரம் கண்ணை மறைத்தது என்றான். தள்ளியவன், உள்ளே ஆள் இருந்தால் எனக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்டான். மூவரும் சொன்னது மெய்யாகவே இருக்கட்டும். நான்காவதாக ஒருவன் அங்கே இருந்தான், அவனை யாரும் விசாரிக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் களைத்துப் போகாமல் இருக்க, கிணற்றங்கரையில் உட்கார்ந்து அவன் பாடிக்கொண்டிருந்தான். அவன் கை கல்லைத் தொடவில்லை. ஆனால் உள்ளே இருந்தவன் கூப்பிட்டது ஒருவர் காதிலும் விழாமல் போனதற்கு அவனைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்தக் கதை ஆதிமூலத்துக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அவன் அந்தக் கிணற்றங்கரையில்தான் குந்தியிருந்தான். ஓ... போடு. தட்டு முன்பைவிட வேகமாக வந்தது, இரண்டிரண்டாக, இடுப்பு எலும்புக்குச் சற்று மேலே, சரியாக முதுகெலும்பின் மேல். அப்போதுதான் தன்னைப் பற்றிய ஒன்றை அவன் கண்டுகொண்டான். தட்டு விழுகிற கணத்தைப் பார்த்து அதன் மேல் தன் 'போடு'வை வைத்துக்கொண்டிருந்தான் அவன். தட்டு முந்தினால் குரல் முந்தியது, தட்டு பிந்தினால் குரல் பிந்தியது. தாளம் தன்னுடையது என்று இருந்தவன், சுவருக்கு அப்பால் இருந்த ஒரு கைக்கு அஞ்சி அஞ்சித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, தாளம் ஆடுது!" என்றான் மாசிலாமணி. "வெத்தலையில போதைப்பாக்கு வச்சுட்டாரா தரகரு?" என்றான் சடகோபன். போதைப்பாக்கு. அப்படித்தான் செய்கிறார்களாம், ஆள் பிடிக்கிறவர்கள்; வேலை தருகிறோம், நெல் குத்த ஆள் வேண்டும், பிள்ளை தூக்க ஆள் வேண்டும் என்று கூட்டி வந்து, மயக்கப் பாக்கைக் கொடுப்பார்களாம், கண் விழிக்கும்போது கதவு சாத்தியிருக்கும். பஞ்சத்தில் இறங்கி வந்த குடும்பங்கள் இப்படி எத்தனையோ மறைந்துபோனதாக மீன் விற்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். கப்பல் மோரீசுத் தீவுக்குப் போகுமாம், அங்கேயும் கரும்பாம். கரும்பு. பூமிக்கு அந்தப்புறத்திலும் கரும்பு, இந்தப்புறத்திலும் கரும்பு, இரண்டுக்கும் நடுவில் என் சுவர். மீரான் சொன்ன நிலவறை எங்கேயோ இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேனே, ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால் என் முதுகில் அல்லவா இருக்கிறது. ஓ... போடு. எதிரே, கூடத்தின் திறந்த கிழக்குப் பக்கத்தில், மணல் வெயிலில் கொதித்தது. மணலுக்கு அப்பால் அலை. அலைக்கு அப்பால், பாய் சுருட்டி நங்கூரத்தில் ஆடும் கப்பல். அஞ்சப்பனின் ஆட்கள் படகுகளைத் தண்ணீர் விளிம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகோட்டிகளுக்கெல்லாம் தலைவன் தண்டல் அஞ்சப்பன். கப்பலின் சொந்தப் படகு இந்த அலையில் இறங்கினால் கவிழும். கயிற்றால் பலகை தைத்த இவர்களுடைய படகுதான் அலை ஏறி, அலை இறங்கி, ஆளையும் பண்டத்தையும் கப்பலில் சேர்க்கும். ஏற்றுமதிக்கு மூட்டை இல்லாத நாளில் இத்தனை படகு ஏன்? துணி மூட்டை இன்னும் கட்டவே இல்லையே. படகு காத்திருப்பது துணிக்கு அல்ல. உச்சிப்பொழுது, தெரு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம், கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்க, அந்தப் பக்கத்துக் கதவு திறக்கும். இந்த மடிப்பு முடிவதற்குள்.

அப்போது சுவர் பேசியது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருந்த சிறு வெளியில், செங்கல் இடுக்கின் வழியே, மண்ணைக் கடித்துப் பேசுவதுபோல ஒரு குரல். "மேஸ்திரி." ஓ... போடு. "நீங்க அங்கதான் குந்தியிருக்கீங்க. எனக்குத் தெரியாதா? உங்க முதுகு இங்கதான் இருக்குது." ஓ... போடு. "நான் செம்பாயி." அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 'மேஸ்திரி' என்றபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நெறைய பேரு கெடக்குறோம். திண்டிவனத்துப் பொண்ணு ஒண்ணு பேச்சு மூச்சு இல்லாம கெடக்குது." ஓ... குரல் ஓங்கியது, அவனுடைய குரல்தான், அவனைக் கேளாமலே ஓங்கியது... போடு! "கத்தாதீங்க மேஸ்திரி. கேக்குதுன்னு எனக்குத் தெரியும். கேட்டாத்தான் நீங்க இப்படிக் கத்துவீங்க." தோளில் எதிராஜுவின் கட்டைவிரல் அழுந்தியது. நல்ல கட்டை. கப்பித்தான் இப்படிப்பட்ட தோளுக்குத்தான். நான் நிறுத்தினால் என்ன ஆகும்? என்னையும் உள்ளே தள்ளுவான். வீட்டில் என் பெண்டாட்டி பச்சையம்மாள் சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு வாசலில் பார்த்துக்கொண்டிருப்பாள், பொழுது சாயும், பிறகு அவளைப் பற்றியும் ஒருவன் கொட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, எவனோடு ஓடினாளோ என்பான். இல்லை, ஓடியவன் நானாக இருப்பேன், ஆதிமூலம் எவளோடோ ஓடிப்போனான் என்பார்கள். இல்லாமல் போனவர்களைப் பற்றி இருக்கிறவர்கள் சிரித்துக்கொள்ள ஏதாவது ஒரு கதை வேண்டும். நான் ஒருவன் நிறுத்திவிட்டால் கப்பல் போகாதா? எதிராஜு வேறு கிடங்கு பார்ப்பான், வேறு கொட்டுக்கூடம் பார்ப்பான். ஓ... போடு. ஆனால் செம்பாயி வேறு செம்பாயி ஆக மாட்டாள். மடிப்பு முடியட்டும், முடிந்ததும் யோசிப்போம். மடிப்பு முடிந்ததும் மாசிலாமணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அப்படி. மாசிலாமணிக்கு விரல்தானே போயிற்று. மடிப்பு முடிந்தபோது அவன் அங்கேயே இருந்தானே. ஓ... "உச்சியில கொண்டுபோறாங்க. கதவு தெறந்து படகுல ஏத்தற வரைக்கும் உங்களைக் கொட்டச் சொல்லியிருக்காராம், காவக்காரன் சிரிச்சிக்கிட்டே சொன்னான். உங்க சத்தத்துலதான் நாங்க போறோம், மேஸ்திரி. நீங்க நிறுத்தினா ஊரு கேக்கும்."

முகம் இல்லாதிருந்த அந்தப் பெண், பூமியின் அந்தக் கோடியில் வெயிலில் நிறுத்தப்பட்டவள், அக்கணத்தில் திரும்பினாள். அவளுக்குச் செம்பாயியின் முகம் இல்லை. அவளுடைய முகமே அவளுக்கு இருந்தது, அவன் ஒருநாளும் கண்டிராத முகம், அகன்ற கண்கள், வறண்ட உதடு. அவளும் ஏதோ ஒரு சுவரைத் தட்டித்தான் இருப்பாள். அந்தச் சுவருக்கு இப்புறமும் ஒருவன் முதுகைச் சாய்த்துத் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்துகொண்டிருந்திருப்பான். தீமை என்று ஊர் சொல்வதெல்லாம் கொம்பு முளைத்து வரும் என்று இருந்துவிட்டேனே. அது கூழ் குடித்துவிட்டு, முதுகு சாய்த்து, நல்ல குரலில் தாளம் போட்டுக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருக்கிறது. ஓ... என்று இழுத்தான். சுத்திகள் எழுந்தன. அந்த ஓ நீண்டது, வழக்கத்தைவிட நீண்டது. போடு என்ற சொல் நாக்கின் மேல் வந்து நின்றது, பழகிய சொல், ஆயிரமாயிரம் தரம் தானே வழுக்கி விழுந்த சொல். அதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது இத்தனை கனமான காரியமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. தலைக்கு மேல் தூக்கிய கைகள் காத்திருந்தன. சடகோபனின் சுத்தி தனியாக, தவறாக விழுந்தது. மற்றவை ஒவ்வொன்றாகத் தொடையின் மேலும் தரையின் மேலும் இறங்கின. நின்றது.

அப்படி ஒரு நிசப்தத்தைப் பகல்வேளையில் அந்தத் தெரு கேட்டதில்லை. முதலில் அலையின் இரைச்சல் வந்தது. "மேஸ்திரி! நடு மடிப்பு! வரி விழுந்துபோச்சு!" என்று மாசிலாமணி பதறினான். "விழட்டும்" என்றான் ஆதிமூலம். அதன் பிறகு எல்லோரும் கேட்டார்கள். சுவருக்கு அப்பால் ஒரு குரல் அல்ல, பல குரல்கள், எந்த நாளிலிருந்தோ எழும்பிக்கொண்டே இருந்த குரல்கள். ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஓர் ஆண் தண்ணீர் தண்ணீர் என்றான், நகங்கள் கதவைப் பிராண்டின, எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பாயி. "டேய் சடகோபா! எந்தச் சிப்பாயோடடா ஓடினேன் நானு? வந்து சொல்லுடா!" சடகோபன் கையிலிருந்த சுத்தியைப் பார்த்தான், யாரோ தெரியாத ஆள் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோல. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. பக்கத்துக் கிடங்கின் வாசலில் எதிராஜுவின் குரல், "ஏண்டா நிறுத்தினீங்க? யாருடா நிறுத்தச் சொன்னது?" என்று நெருங்கி வந்தது. ஆதிமூலம் துணிவு வந்து எழுந்தான் என்று சொல்ல மாட்டேன். பயம் அப்படியே இருக்க, அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தான். திண்டின் மேல், அந்த நீல மடிப்பின் மேலேயே ஏறி நின்றான். மணலில் படகோட்டிகள் சத்தம் நின்றதற்குத் திகைத்துத் திரும்பிப் பார்த்தபடி நின்றார்கள்.

"அஞ்சப்பண்ணே! கேக்குதா?" இத்தனை வருஷம் கைகளைத் தூக்கிய அந்தக் குரல் மணலைத் தாண்டிப் போனது. அஞ்சப்பன் படகில் ஒரு கையை வைத்தபடி நின்றார். "கேக்குது" என்றார். படகிலிருந்து கையை எடுக்காமல், "கேக்குதுடா ஆதிமூலம். ஆனா ஏத்தறோம்னு வாக்குக் குடுத்துட்டோம். கப்பல்காரன் எங்க தோலை உரிச்சிடுவான். நாளைக்குப் பெரியவங்களைக் கூட்டிப் பேசிக்கலாம்." எதிராஜுவின் ஆட்கள் இருவர் கூடத்துக்குள் நுழைந்தார்கள். மாசிலாமணி எழுந்து குறுக்கே நின்றான், நசுங்கிய விரலோடு சுத்தியைப் பிடித்துக்கொண்டு. சடகோபன் அவன் பக்கத்தில் போய் நின்றான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

"நாளைக்கு இல்லண்ணே!" என்றான் ஆதிமூலம். "நாளைக்குப் பேச நீங்க இருப்பீங்க, நான் இருந்தாலும் இருப்பேன், உள்ள கெடக்குறவங்க இருக்க மாட்டாங்க. கப்பல்காரன் படகு அலையில எறங்காது. உங்க கை இல்லாம ஒரு ஆளைக்கூட அவன் கொண்டுபோக முடியாது, உங்களுக்கே தெரியும். என் கையை நான் இப்பத்தான் எடுத்தேன், எப்பவோ எடுத்திருக்கணும், எடுக்கல. நீங்களாவது தாமசம் பண்ணாதீங்க. துடுப்பைக் கீழ போடுங்க. எல்லாரும் இங்க வாங்க, அந்தக் கதவண்ட வந்து நில்லுங்க, ஊருல யாரு கேட்டாங்களோ எல்லாரும் வந்து நில்லுங்க. இன்னிக்கு, அண்ணே. வெயில் சாயறதுக்குள்ள. இப்பவே வாங்க!"